சிங்கப்பூர் - நியூயார்க் இடைநில்லா வான்பயணம்

சிங்கப்பூர் - நியூயார்க் இடைநில்லா வான்பயணம் என்பது சிங்கப்பூரின் சாங்கி வானூர்தி நிலையத்தையும் ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் பெருநகரப் பகுதியையும் வழியில் எங்கும் தரையிறங்காமல் இணைக்கும் பயணிகள் வானூர்திச் சேவையாகும். இதனைச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனம் நடத்துகிறது. பயணத் தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். பயண நேரம் ஏறத்தாழ 18 முதல் 19 மணி.

தூரம்

புவி கோள வடிவினது. ஆதலால் இரு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி, அவ்விரண்டையும் இணைக்கும் பெருவட்டத்தின் வில் ஆகும். சாங்கியின் அகலாங்கு 1.4 பாகை வடக்கு. நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி வானூர்தி நிலையத்தின் அகலாங்கு 40.6 பாகை வடக்கு. இவற்றின் நெட்டாங்குகள் ஏறத்தாழ 178 பாகை வேறுபடுகின்றன. எனவே மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டி அமைகிறது. சாங்கியிலிருந்து துருவம் வரை 88.6 பாகை, துருவத்திலிருந்து நியூயார்க் வரை 49.4 பாகை, ஆக மொத்தம் 138 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் எனக் கொண்டால் தூரம் சுமார் 15,345 கிலோமீட்டர் ஆகும்.

வழியும் நேரமும்

வானூர்திகள் எப்போதும் இக்குறுகிய வழியிலேயே செல்வதில்லை. நடு அகலாங்குகளில், சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக விரைவான காற்றோட்டம் வீசுகிறது. நியூயார்க் நோக்கிச் செல்லும் வானூர்தி வட பசிபிக் பெருங்கடல் வழியாகப் பறந்தால் இக்காற்று பின்னிருந்து உந்துகிறது. தூரம் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சமாகின்றன. வழியும் நேரமும் நாளுக்கு நாள் வேறுபடுவது இதனாலேயே.

சிங்கப்பூர் நேரம் நியூயார்க்கை விடக் கோடையில் 12 மணியும் குளிர்காலத்தில் 13 மணியும் முந்தியது. ஆதலால் சிங்கப்பூரில் நள்ளிரவு கழிந்தவுடன் புறப்படுபவர் அதே நாள் விடியற்காலையில் நியூயார்க்கை அடைவார்.

வரலாறு

2004 சூன் 28 அன்று நுவார்க் வானூர்தி நிலையத்திற்கான சேவை, நான்கு பொறிகள் கொண்ட ஏர்பஸ் ஏ340-500 வானூர்தியுடன் தொடங்கியது. நெடுந்தொலைவுப் பயணத்தில் எரிபொருளின் எடையைச் சுமப்பதற்கே எரிபொருளின் ஒரு பகுதி செலவாகிறது. எரிபொருள் விலை உயர்ந்தபோது நான்கு பொறி வானூர்தி கட்டுப்படியாகவில்லை. 2013 நவம்பரில் சேவை நிறுத்தப்பட்டது.

2018 அக்டோபர் 11 அன்று, இரு பொறிகள் கொண்ட ஏர்பஸ் ஏ350-900 வானூர்தியின் மிகை நெடுந்தொலைவு வகையுடன் சேவை மீண்டும் தொடங்கியது. இது 165,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். அதன் எடை ஏறத்தாழ 130 டன்; புறப்படும்போது வானூர்தியின் மொத்த எடை 280 டன்னைத் தாண்டலாகாது. எனவே 161 இருக்கைகளே அமைக்கப்பட்டன. சாதாரண வகுப்பு இல்லை. 2020 நவம்பரில் கென்னடி வானூர்தி நிலையத்திற்கும் சேவை தொடங்கப்பட்டது. தொடங்கியபோது அதுவே உலகின் மிக நீண்ட இடைநில்லாப் பயணிகள் சேவையாக இருந்தது.