அஞ்சல் ஊழியர் ஏறிய படிகள்



ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று நம் கேமரன் மலையில் வாழ்ந்த முன்னோர் தமிழ்நாட்டுக்குக் கடிதம் எழுதினார்கள், பணம் அனுப்பினார்கள். அவற்றை உற்றாரிடம் சேர்த்தவர்கள் அங்குள்ள அஞ்சல் ஊழியர்கள். அவர்கள் பதவி உயர்வு பெற்ற வரலாற்றை இன்று அறிந்துகொள்வோம். உழைத்து உண்ணும் நமக்கு அதில் ஒரு பாடம் உண்டு.

கொழுந்து பறிப்பவர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும், மண்டோர் வேலை காலியானால்தானே அவர் மண்டோர் ஆக முடியும்? அஞ்சல் துறையிலும் அதே கதைதான். கீழே எழுத்தர்கள் பலர். மேலே இடங்கள் சில. தலை நரைத்தும் பலர் ஒரே படியில் நின்றார்கள்.

1983 நவம்பர் 30 முதல் இந்திய அஞ்சல் துறையில் ஒரு புதிய திட்டம் நடைமுறைக்கு வந்தது. 16 ஆண்டு ஒழுங்காகப் பணி செய்தவருக்கு, மேலே இடம் காலியாக இல்லாவிட்டாலும், அடுத்த சம்பள நிலை வழங்கப்பட்டது. 1991 அக்டோபர் 1 முதல் 26 ஆண்டு முடித்தவருக்கு இரண்டாவது உயர்வும் கிடைத்தது.

ஆனால் நிர்வாக அலுவலகங்களில் கோப்பு எழுதிய கிராணிமார்களுக்கு இந்தத் திட்டம் உடனே வரவில்லை. அவர்கள் 1993 ஜூன் 26 வரை காத்திருந்தார்கள். வந்தபோது புதிய சிக்கல் ஒன்றும் கூடவே வந்தது. முன்பே பதவி உயர்வு பெற்று மேல்நிலை எழுத்தர் ஆனவர்கள் பழைய சம்பள நிலையிலேயே இருக்க, கீழ்நிலையில் இருந்த இளையவர்கள் ஆண்டுக்கணக்கால் அவர்களைத் தாண்டிப் போனார்கள். முன்னே ஏறியவர் பின்னே நின்றார்!

மூத்தவர்கள் முறையிட்டார்கள். இளையவர் தகுதி பெற்ற நாளிலிருந்து பாதிக்கப்பட்ட மூத்தவரையும் கருதவேண்டும் என்று 1996 பிப்ரவரி 8 அன்று ஆணை பிறந்தது. அதைப் பற்றிய வழக்குகள் பின்னரும் நடந்தன. 2008 செப்டம்பர் 1 முதல் மத்திய அரசு ஊழியர்களுக்கு 10, 20, 30 ஆண்டுகளில் சம்பள உயர்வு என்ற முறை வந்தது. இதில் சம்பளம் உயரும். பதவிப் பெயர் மாறவேண்டும் என்பதில்லை.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? நீதி கேட்கும்போது, அதனால் பின்தள்ளப்படுபவர் யார் என்றும் பார்க்கவேண்டும். ஒருவருக்குக் கிடைத்த உயர்வு இன்னொருவருக்கு இழிவாகக் கூடாது.

பெற்றோர்களே, பிள்ளை வேலைக்குச் சேரும்போது, "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்கிறோம். "பத்தாண்டு கழித்து எந்த நிலை? உயர்வு ஆண்டுக்கணக்கிலா, தேர்விலா, காலியிடத்திலா?" என்றும் கேட்போம். நியமனக் கடிதத்தைப் பத்திரமாக வைப்போம். வேலையில் சேர்ந்த தேதியிலிருந்துதான் கணக்குத் தொடங்குகிறது.