கைவிட்டவரின் இசைவு: மறுமணக் குடும்பத் தத்தெடுப்பில் ஒரு சட்ட இடைவெளி

இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம், 1956, குழந்தையைத் தத்துக் கொடுக்கும் உரிமையை இன்று தந்தைக்கும் தாய்க்கும் சமமாக வழங்குகிறது. ஆனால் ஒருவரின் இசைவு இல்லாமல் மற்றவர் அந்த உரிமையைப் பயன்படுத்த முடியாது. இந்த விதிக்கு 9(2) பிரிவு மூன்று விலக்குகளை மட்டுமே சொல்கிறது. இசைவு தர வேண்டியவர் உலக வாழ்வை முற்றாகத் துறந்திருக்க வேண்டும். அல்லது இந்து என்ற நிலையிலிருந்து நீங்கியிருக்க வேண்டும். அல்லது சித்த சுவாதீனம் இல்லாதவர் என நீதிமன்றத்தால் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். மணமுறிவுக்குப் பின் மறுமணம் செய்துகொண்ட தாய் ஒருவர், தம் முதல் மணத்துப் பிள்ளையை இரண்டாம் கணவர் தத்தெடுக்க வேண்டும் என்று விரும்பினால், இந்த மூன்று விலக்குகளும் விசித்திரமான விளைவைத் தருகின்றன. மதம் மாறிய தந்தை வாரந்தோறும் வந்து பிள்ளையைப் பார்த்து, பள்ளிக் கட்டணமும் கட்டிவந்தாலும் அவரைக் கேட்க வேண்டியதில்லை. பத்தாண்டுகளாகப் பிள்ளையை எட்டிப் பார்க்காத தந்தை இந்துவாகவே இருந்துவிட்டால், அவருடைய இசைவு இல்லாமல் தத்து செல்லாது. பிள்ளையைக் கைவிட்டவர் அந்தப் பிள்ளையின் எதிர்காலத்தைத் தடுக்கும் உரிமையையும் இழக்க வேண்டும்; ஆனால் கைவிடல் என்பது எவருடைய வாய்ச்சொல்லாலும் அல்லாமல், கடுமையான நீதிமன்ற விசாரணையால் நிறுவப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கைவிடல் என்ற கருத்து இச்சட்டத்துக்குப் புதியதன்று. தாய், தந்தை இருவருமே குழந்தையைக் கைவிட்டிருந்தால், நீதிமன்றத்தின் முன் அனுமதியுடன் காப்பாளர் அக்குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்று 1962-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வடிவம் பெற்ற 9(4) பிரிவு சொல்கிறது. இருவர் கைவிட்டால் வழி உண்டு. ஒருவர் கைவிட்டு, மற்றவர் தனியாக நின்று வளர்த்தால் வழி இல்லை. இந்த முரணுக்கு வரலாற்றுக் காரணம் தெளிவு. 2010 வரை தந்தை உயிருடன் இருக்கும்போது தத்துக் கொடுக்கும் உரிமை அவர் ஒருவருக்கே இருந்தது. தாயின் இசைவு பெறுவது மட்டுமே அவருக்கிருந்த கட்டுப்பாடு. 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமையைச் சமமாக்கியது. விலக்குகளின் பட்டியலையோ 1956-இல் இருந்தபடியே விட்டுவிட்டது. மணமுறிவும் மறுமணமும் அரிதாக இருந்த சமூகத்தை மனத்தில் வைத்து எழுதிய பட்டியல் அது. இளைஞர் நீதிச் சட்டம், 2015, இந்த இடைவெளியை நிரப்பவில்லை. குழந்தைகள் நலக் குழு விசாரித்து அறிவிக்கும் ‘கைவிடப்பட்ட குழந்தை’ என்ற நிலை, தாயின் மடியிலேயே வளரும் பிள்ளைக்குப் பொருந்தாது. மறுமணத் துணைவர் தத்தெடுக்க வழிசெய்யும் 2022-ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளும் பெற்றோரின் இசைவையே எதிர்பார்க்கின்றன. ஏழாண்டுகள் செய்தியே இல்லாமல் போனவர் இறந்தவராகக் கருதப்படலாம் எனச் சாட்சியச் சட்டம் சொல்வதால், காணாமல் போனவர் தொடர்பாக ஒரு வழி பிறக்கிறது. அடுத்த தெருவில் வாழ்ந்துகொண்டு பிள்ளையைத் திரும்பியும் பாராதவர் தொடர்பாக எந்த வழியும் இல்லை.

இசைவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் நேர்மையாகக் கணக்கில் கொள்ள வேண்டும். தத்து நிகழ்ந்த நாளிலிருந்து பிள்ளைக்குப் பிறந்த குடும்பத்தோடு இருந்த உறவுகள் அறுபடுகின்றன என்கிறது 12-ஆம் பிரிவு. முறையாக நிகழ்ந்த தத்தை எவரும் ரத்து செய்ய முடியாது என்கிறது 15-ஆம் பிரிவு. மணமாகாத தாய் ஒருவர் காப்பாளராக விண்ணப்பித்தபோது, பிள்ளைமேல் அக்கறையே காட்டாத தந்தைக்கு அறிவிப்பு அனுப்பத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. பொறுப்பை உதறியவருக்கு உரிமை மட்டும் எஞ்சி நிற்காது என்ற கொள்கை அதில் துலங்குகிறது. ஆயினும் காப்பாளர் நியமனம் இறுதியானதன்று, பின்னர் மாற்றக்கூடியது என்பதும் அத்தீர்ப்பின் அடிப்படைகளில் ஒன்று. தத்துக்கு அந்த நெகிழ்ச்சி இல்லை. ஆகவே 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் கொள்கையைத் தத்துக்கு நீட்டலாம். அதன் நடைமுறையை அப்படியே நீட்டக் கூடாது. திரும்பப் பெற முடியாத முடிவுக்குக் கூடுதல் பாதுகாப்பு வேண்டும்.

இந்தக் கேள்வியை நெடுங்காலமாகச் சந்தித்துவரும் அமெரிக்க நீதிமன்றங்களின் அனுபவம் இங்கே பயன்படும். டெக்சாஸ் மாநிலத்தில் மறுமணம் செய்துகொண்ட ஒரு தாயும் அவருடைய கணவரும், முதல் கணவர் ஈராண்டுகளுக்கு மேலாகப் பராமரிப்புத் தொகை தரவில்லை என்று கூறி, அவர் இசைவின்றியே தத்தெடுப்பு ஆணை பெற்றனர். அவருக்கோ அறிவிப்பே அனுப்பப்படவில்லை. விசாரணைக்கு முன் அறிவிப்புத் தராதது அரசமைப்புக்கு முரண் என்றும், ஆணைக்குப் பிறகு அவரைக் கேட்டது அக்குறையைச் சரிசெய்யாது என்றும் கூறி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1965-இல் அந்த ஆணையை ஏற்க மறுத்தது. அதே நீதிமன்றம் 1983-இல் நியூயார்க் வழக்கொன்றில், இரத்த உறவு ஒரு வாய்ப்பை மட்டுமே தருகிறது, அந்த வாய்ப்பைப் பற்றிக்கொண்டு பிள்ளையோடு உறவை வளர்க்காத தந்தை முழுப் பாதுகாப்பைக் கோர முடியாது என்று முடிவு செய்தது. 1996-இல் வந்த மிசிசிப்பி வழக்கு இன்னொரு முகத்தைக் காட்டுகிறது. சிற்றன்னை தத்தெடுப்பதற்காகப் பெற்ற தாயின் உரிமை பறிக்கப்பட்டது. மேல்முறையீட்டு ஆவணங்களுக்கான 2,352.36 டாலரைக் கட்ட அவரிடம் பணமில்லை. ஏழ்மை காரணமாக ஒரு தாயின் மேல்முறையீட்டை அடைக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நெறி புலப்படுகிறது: உறவைப் பேணாதவரின் மறுப்புக்கு வலு குறையும், ஆனால் அவர் பேணவில்லை என்பதை அவரை அழைத்து, அவர் சொல்வதைக் கேட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும்.

அப்படியானால் கைவிடல் என்பதற்கு இலக்கணம் என்ன? விடை நம் சட்டத்திலேயே இருக்கிறது. இந்துத் திருமணச் சட்டத்தின்படி, தகுந்த காரணமின்றித் துணையைத் தொடர்ந்து ஈராண்டுகள் கைவிட்டிருப்பது மணமுறிவுக்குக் காரணமாகும். வேண்டுமென்றே புறக்கணிப்பதும் அதில் அடங்கும். பிரிந்திருப்பது மட்டும் போதாது, உறவை நிரந்தரமாக முறித்துக்கொள்ளும் எண்ணமும் நிறுவப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1956-லேயே விளக்கியிருக்கிறது. மனைவியையோ கணவனையோ கைவிடுவதற்கு இவ்வளவு நுட்பமான இலக்கணம் வகுத்த சட்டமரபு, பிள்ளையைக் கைவிடுவதற்கும் அதையே பொருத்தலாம். ஈராண்டுத் தொடர்பின்மை, இயன்றும் பராமரிப்புத் தராமை, இவற்றின் பின்னால் உள்ள எண்ணம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது கைவிடல். வளைகுடா நாட்டில் வேலைக்குப் போய்க் கடனில் சிக்கியவரும், சிறையில் இருப்பவரும், நோயில் கிடப்பவரும் பிள்ளையைப் பிரிந்திருக்கிறார்கள், கைவிட்டவர்கள் அல்லர். கணவன் வீட்டார் பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொண்டு வாசலில் நிற்கவிடாமல் விரட்டிய தாயும் கைவிட்டவர் அல்லர். பிள்ளையை மறைத்து வைத்தவரே தொடர்பின்மையை ஆதாரமாகக் காட்ட அனுமதித்தால், அநீதிக்குச் சட்டமே துணைபோனதாகும்.

பிள்ளையின் நலம் ஒன்றே அளவுகோலாக இருந்தால் போதாதா, கைவிடலை ஏன் தனியே மெய்ப்பிக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். இங்கிலாந்து அந்தப் பாதையில்தான் சென்றது. பிள்ளையைக் கைவிட்டதை ஒரு காரணமாக வரிசைப்படுத்திய 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2002-ஆம் ஆண்டுச் சட்டம், பெற்றோரைக் கண்டுபிடிக்க முடியாத நிலை, இசைவு தரும் திறனின்மை, பிள்ளையின் நலம் ஆகியவற்றோடு நின்றுகொண்டது. ஆனால் நலம் மட்டுமே அளவுகோலானால், சொந்த வீடும் நிலையான வருமானமும் உள்ள புதிய குடும்பத்துக்கு எதிரே, தனியறையில் வாடகைக்கு இருக்கும் ஏழைத் தகப்பனோ தாயோ பெரும்பாலும் தோற்பார்கள். பெற்றோர் என்ற உறவு யார் சிறப்பாக வளர்ப்பார்கள் என்ற போட்டியாகிவிடக் கூடாது. அதனால் கேள்விகள் இரண்டாகப் பிரிய வேண்டும். மறுக்கும் உரிமையை இவர் தம் செயலாலேயே இழந்துவிட்டாரா என்பது முதல் கேள்வி. ஆம் என்றால் மட்டுமே, இந்தத் தத்து இப்பிள்ளைக்கு நல்லதா என்ற இரண்டாம் கேள்விக்குப் போக வேண்டும். முதல் கேள்விக்கு ஆம் என்ற விடை கிடைத்தாலும் இரண்டாவதற்கு இல்லை என்ற விடை வரலாம்.

தத்து எதற்கு, காப்பாளர் ஆணையே போதுமே என்பது எதிர்த்திசையிலிருந்து வரும் மறுப்பு. சில குடும்பங்களுக்கு அது போதும்; பெற்றவரின் உறவை வெட்டாமலே மறுமணத் துணைவருக்குப் பெற்றோர் பொறுப்பைத் தரும் ஏற்பாடு இங்கிலாந்துச் சட்டத்தில் உண்டு, நமக்கும் அது வேண்டும். ஆனால் காப்பாளர் பொறுப்பு 18 வயதோடு முடிகிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மனைவியின் முதல் மணத்துப் பிள்ளை, தன்னை வளர்த்தவரின் வாரிசு அல்ல. அவர் உயில் எழுதாமல் இறந்தால், பல ஆண்டுகள் அப்பா என்றழைத்த பிள்ளைக்கு அவர் சொத்தில் பங்கில்லை. பராமரிப்புக் கடமையிலிருந்து பெற்ற தந்தை தத்தெடுப்பால் தப்பிவிடுவார் என்ற அச்சம் நியாயமானது. தத்துக்கு முன் பிள்ளையின் உடைமையாகிவிட்ட சொத்து பிள்ளையிடமே நிற்கும் எனச் சட்டம் சொன்னாலும், பிறந்த குடும்பத்திலிருந்து பின்னர் வரக்கூடிய வாரிசுப் பங்கு போய்விடும். அதனால்தான் தாயின் வழக்கறிஞரும் தந்தையின் வழக்கறிஞரும் போதாது. இந்த இழப்பை எடைபோட்டுச் சொல்லப் பிள்ளைக்கென ஒரு தனி வழக்கறிஞர் தேவை. நிலுவையில் உள்ள பராமரிப்புத் தொகை தத்தால் ரத்தாகாது என்றும் சட்டம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

செய்ய வேண்டிய திருத்தம் பெரிதன்று. 9(2) பிரிவின் விலக்குகளில் பிள்ளையைக் கைவிட்டவரையும் சேர்க்க வேண்டும். மேலே சொன்ன மூன்று கூறுகளையும் இலக்கணமாக அங்கேயே எழுத வேண்டும். மெய்ப்பிக்கும் சுமை விண்ணப்பதாரர்மேல் இருக்க வேண்டும். எதிர்த்தரப்பினருக்கு நேரடி அறிவிப்பும், தேவைப்பட்டால் இலவச சட்ட உதவியும் தர வேண்டும். 2021-ஆம் ஆண்டுத் திருத்தம் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழான தத்தெடுப்பு ஆணைகளை நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட ஆட்சியருக்கு மாற்றியது. இசைவுள்ள தத்துகளுக்கு அது விரைவைத் தரலாம். ஆனால் பெற்றவரின் மறுப்பை ஒதுக்கிவைப்பது நிர்வாக வேலையன்று. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து எடைபோடும் நீதிப் பணி. அந்த வழக்குகள் குடும்ப நீதிமன்றத்துக்கே செல்ல வேண்டும். பிள்ளையைப் பெற்றதற்காகவே ஒருவருக்கு உரிமை உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. அந்த உரிமை பொறுப்போடு பிணைந்தது என்பதையும், பொறுப்பைத் துறந்தவர் உரிமையை மட்டும் கையில் வைத்திருக்க முடியாது என்பதையும் சட்டம் சொல்லியாக வேண்டும்.