எழில்: தமிழில் ஒரு நிரல் மொழி

நிரல் மொழி ஒன்றைப் புதிதாக உருவாக்க முனையும் தொடக்கநிலையாளர் பெரும்பாலும் நிரல்பெயர்ப்பியை விடுத்து வரிமொழிமாற்றியையே நாடுகிறார். முன்னது நிரல் முழுவதையும் பொறிமொழிக்கு மாற்றித் தர வேண்டியிருக்க, பின்னது நிரலைப் படித்து அதன் பொருளை அப்போதே நிறைவேற்றிவிடுவதால், கணினியின் உள்ளமைப்பை ஆழ அறியாதவரும் அதை எழுதிவிட முடிகிறது. 1950களின் இறுதியிலேயே, லிஸ்ப் மொழியை வகுத்த ஜான் மெக்கார்த்தி கோட்பாட்டு விளக்கமாகக் கருதி எழுதிய வரையறை ஒன்றை ஸ்டீவ் ரஸ்ஸல் ஐபிஎம் 704 கணினியில் இயங்கும் நிரலாக்கியபோது, அம்மொழிக்கு முதல் வரிமொழிமாற்றி கிடைத்தது.

தமிழில் இவ்வழியில் எழுந்த குறிப்பிடத்தக்க முயற்சி, முத்தையா அண்ணாமலை 2007இல் தொடங்கி 2013இல் திறமூலமாக வெளியிட்ட எழில் ஆகும். பைத்தானில் எழுதப்பட்ட அதன் வரிமொழிமாற்றி, நிரலின் எழுத்துத் தொடரைச் சொல், எண், குறி எனக் கூறுகளாகப் பிரித்து, அவற்றை இலக்கண விதிப்படி மரவடிவில் அடுக்கி, அம்மரத்தின் கணுக்களை ஒவ்வொன்றாக அணுகி மதிப்பிடுகிறது.

இவற்றுள் முதற்படியே தமிழுக்குக் கடினமானது. ஒருங்குறியில் உயிர்மெய் பெரும்பாலும் அகர உயிர்மெய்க்குரிய ஒரு குறியீடும் உயிர்க்குறிக்குரிய இன்னொரு குறியீடுமாகப் பதிவாகிறது. புள்ளிக்கும் தனிக் குறியீடு உண்டு. பைத்தானின் வழக்கமான எழுத்துச் சோதனை இக்குறிகளை எழுத்தென ஏற்பதில்லை என்பதால், அதை மட்டும் நம்பும் பகுப்பான் ‘ஆனால்’ என்பதை ‘ஆன’ என்ற அளவிலேயே துண்டித்துவிடும். ஆங்கில எழுத்தை மனத்தில் கொண்டு அமைந்த பாடநூல் வழிமுறைகள் இந்த இடரைப் பேசுவதில்லை. தமிழில் மொழி படைப்பவர் தாமே இதற்கு விடை காண வேண்டும்.

எழிலின் உண்மையான சிறப்பு அதன் தொடரமைப்பில் உள்ளது. போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்தில் 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட காயைத் தனியே பிரிக்கும் விதியை எழிலில் எழுதினால், ‘@( அளவு > 8 ) ஆனால்’ என நிபந்தனை முன்னும் ‘ஆனால்’ பின்னுமாக அமையும். ‘இல்லை’ மாற்றுவழியைத் தொடங்க, ‘முடி’ அப்பகுதியை நிறைவு செய்யும். ஆங்கிலச் சொற்களுக்குப் பதிலாகத் தமிழ்ச் சொற்களை நிரப்பியிருந்தால் நிபந்தனைச் சொல்லே முன்வந்திருக்கும். தமிழர் பேசும் முறைமைக்கேற்ப இலக்கண விதியையே மாற்றியமைத்தது துணிவான, சரியான முடிவு.

தமிழ்நாட்டு மேல்நிலை இரண்டாம் ஆண்டுக் கணினி அறிவியல் பாடநூல் 2019 முதல் பைத்தானைக் கற்பிப்பதால், போடிநாயக்கனூரிலோ அதன் அருகிலுள்ள ராசிங்காபுரத்திலோ தமிழ்வழியில் அப்பாடம் பயிலும் மாணவர், எழிலின் மூலநிரலைத் திறந்து, ‘ஆனால்’ எந்த விதியால் நிபந்தனைக்குப் பின் நிற்கிறது என்பதைத் தாமே தேடிக் காணலாம்.