உப்பு கரைந்த கதை

சர்க்கரையும் உப்பும் நீரில் கரைந்து கண்ணுக்கு மறைந்துவிடுகின்றன. ஆனால், இரண்டும் ஒரே விதமாகவா கரைகின்றன? இதற்கு விடை கூறப் புகுந்த ஓர் இளைஞர் தம் எதிர்காலத்தையே இழக்க இருந்தார்.

முதலில் ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ நீரில் 34.2 கிராம் சர்க்கரையைக் கரைத்தால் நீரின் உறைநிலை ஏறத்தாழ 0.19 பாகை செல்சியஸ் இறங்கும். இந்த இறக்கம் கரைந்துள்ள துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. அவை எந்தப் பொருளின் துகள்கள் என்பதைப் பொறுத்ததன்று. மூலக்கூறு எடைப்படி, அந்தச் சர்க்கரைக்குச் சமமான உப்பு 5.85 கிராம்தான். ஆகவே அதுவும் 0.19 பாகையே இறக்க வேண்டும். ஆனால் இறங்குவதோ ஏறத்தாழ 0.35 பாகை! அதோடு, உப்புக் கரைசல் மின்சாரத்தைக் கடத்துகிறது. சர்க்கரைக் கரைசல் கடத்துவதில்லை.

கரைசலில் மின்சாரத்தைச் சுமந்து செல்லும் துகள்களுக்கு 1834-இல் அயனிகள் என்று பெயர் சூட்டியவர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரம் பாய்வதால்தான் மூலக்கூறு பிளந்து அயனிகள் தோன்றுகின்றன என்றே அக்காலத்தில் பெரும்பாலோர் எண்ணினர்.

ஸ்வீடன் நாட்டு ஸ்வான்டே அர்ஹீனியஸ் கரைசல்களின் கடத்துதிறனை அளந்து, 1884-இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்திற்கு ஆய்வேடு அளித்தார். தம்மிடம் ஒரு புதிய கொள்கை இருப்பதாக அவர் கூறியபோது, வேதியியல் பேராசிரியர் கிளீவே 'நல்லது' என்ற அளவில் கேட்டுக்கொண்டு விடை கொடுத்து அனுப்பிவிட்டாராம். பட்டம் கிடைத்தது, தரம் மிகத் தாழ்வு. அந்தத் தரத்தைக் கொண்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி பெற வழியில்லை.

அர்ஹீனியஸ் ஆய்வேட்டின் படிகளை வெளிநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். ரிகா நகரிலிருந்த ஆஸ்வால்டுக்கு ஒரே நாளில் மூன்று வந்து சேர்ந்தனவாம்: ஒரு பல்வலி, ஒரு பெண் குழந்தை, இந்த ஆய்வேடு. மூன்றிலும் அவரை அதிகமாக வாட்டியது ஆய்வேடுதான்! அவ்வாண்டே அவர் உப்சாலாவுக்கு நேரில் வந்து, ரிகாவில் வேலை தருவதாக இளைஞரை அழைத்தார். வெளியூரார் மதித்த பிறகு உப்சாலாவும் அவருக்கு விரிவுரையாளர் பதவி அளித்தது. உள்ளூர்ச் சரக்கு விலைபோக வெளியூர்ச் சான்று தேவைப்பட்டது போலும்.

ஆய்வேட்டில் தயக்கத்தோடு சொன்னதை அர்ஹீனியஸ் 1887-இல் துணிந்து கூறினார். மின்சாரம் பாயும் முன்னரே, கரைந்த மாத்திரத்தில் உப்பு சோடியம் அயனி, குளோரைடு அயனி என இரண்டாகப் பிரிகிறது. ஒன்று இரண்டானால் உறைநிலை இறக்கமும் இரு மடங்குதானே?

எதிர்ப்பு பலமாக எழுந்தது. சோடியம் நீரைத் தொட்டால் சீறும் உலோகம். குளோரின் நச்சு வாயு. உப்பு நீரில் இவை தனித்தனியே திரிந்தால் நாம் குடித்துப் பிழைக்க முடியுமா? கேள்வியில் நியாயம் இருந்தது. எலக்ட்ரான் அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை. ஓர் எலக்ட்ரானை இழந்த சோடியமும், ஒன்றைப் பெற்ற குளோரினும் தம் பழைய குணத்தை விட்டுவிடுகின்றன என்பது பின்னரே தெளிவாயிற்று.

அர்ஹீனியஸ் சொன்னது அனைத்தும் சரியன்று. உப்பின் ஒரு பகுதியே பிரிகிறது என அவர் கருதினார். உப்புப் படிகத்திலேயே அயனிகள்தாம் உள்ளன. நீர் மூலக்கூறுகள் அவற்றைச் சூழ்ந்து இழுத்துப் பிரிக்கின்றன. இறக்கம் சரியாக இரு மடங்கு ஆகாததற்குக் காரணம் அயனிகளின் பரஸ்பரக் கவர்ச்சி என்பதை 1923-இல் டிபையும் ஹக்கலும் விளக்கினர்.

1903-இல் அர்ஹீனியசுக்கு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்போது நோபல் வேதியியல் குழுவின் தலைவர் யார் தெரியுமா? அதே பேராசிரியர் கிளீவே!