செஞ்சி வட்டாரமும் ‘தமிழர்’ என்னும் ஆய்வுத் தொகுதியும்: ஒரு நொதிக் கணக்கைப் பற்றிய மறுபரிசீலனை

தமிழர் உடலில் மருந்து சிதையும் விதம் ஐரோப்பியர் உடலில் சிதையும் விதத்தினின்று இனவாரியாகவே வேறுபட்டது என்றும், ஆதலால் தமிழருக்கென்று தனியாக மருந்தளவு வகுக்கவேண்டும் என்றும் நம் மருந்தியல் அறிஞர்களில் ஒரு சாரார் சில காலமாக வாதித்து வருகிறார்கள். அவ்வாதத்துக்கு ஆணிவேர்போல் அவர்கள் எடுத்துக்காட்டுவது, புதுச்சேரி ஜிப்மர் மருந்தியல் துறையினர் ஆரோக்கியமான தன்னார்வலர் 112 பேரின் இரத்தத்தைக் கொண்டு 2சி19 என்னும் கல்லீரல் நொதியின் மரபணுவை ஆராய்ந்து 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கு. அக்கணக்கின் எண்களில் எனக்கு ஐயம் இல்லை. அதைச் செய்தவர்களின் நேர்மையிலும் திறமையிலும் சிறிதும் ஐயம் இல்லை. அவ்வெண்களின்மேல் பின்வந்தோர் எழுப்பிய கட்டடத்தையே இக்கட்டுரை சோதிக்க விரும்புகிறது. சோதிக்கும் இடமாகப் புதுச்சேரிக்கு ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள செஞ்சி வட்டாரத்தைக் கொள்கிறது.

முதலில் மூலத்தைக் கவனமாக வாசிப்போம். அந்த ஆய்வில் கண்ட முடிவு, 2சி19 நொதியைச் செயலிழக்கச் செய்யும் *2 என்னும் அல்லீல் (மரபணுவின் மாற்றுவடிவம்) நூற்றுக்கு ஏறத்தாழ 38 பங்கும், அதே விளைவையுடைய *3 என்னும் அல்லீல் நூற்றுக்கு இரண்டு பங்கும் இருக்கின்றன என்பதே. எஞ்சிய அறுபதும் *1, அதாவது இயல்பானது, என்று பதிவாயிற்று. இந்த அறுபது எவ்வாறு கிடைத்தது என்பதை நுணுகிப் பார்க்கவேண்டும். தன்னார்வலரின் மரபணுத் துண்டைப் பெருக்கி, அதன்மேல் ஸ்மா-1 என்னும் வெட்டு நொதியை விடுகிறார்கள். இயல்பான துண்டு இரண்டாக வெட்டுப்பட்டுக் கூழ்மத் தகட்டில் இரண்டு கோடுகளாகத் தெரிகிறது. *2 உள்ள துண்டோ, ஓர் எழுத்து மாறியதால் வெட்டுமிடத்தை இழந்து, முழுதாக ஒரே கோடாக நிற்கிறது. ஒருவரிடம் இரண்டு வகையும் இருந்தால் மூன்று கோடுகள். *3-ஐக் காண்பதற்கு வேறொரு வெட்டு நொதி. இவ்விரண்டு சோதனைகளிலும் பிடிபடாமல் தப்பியது எதுவோ அது *1 என்று பெயர் பெறுகிறது. ஆகவே *1 என்பது கண்டறிந்த பொருளன்று, கழித்து எஞ்சிய பொருள். இந்நொதியை அளவுக்கு மீறி உற்பத்தி செய்யவைக்கும் *17 என்னும் மற்றொரு அல்லீல் ஸ்வீடன் ஆய்வாளர்களால் 2006-இல்தான் வெளியிடப்பட்டது. 2003-இல் அதைத் தேடியிருக்க எவராலும் இயலாது. புதுச்சேரியிலேயே பின்னர் அதைத் தேடியபோது, தமிழ்நாட்டாரிடையே அது அரிதன்று என்றும் தெளிவாயிற்று. அப்படியாயின், ‘இயல்பானவர்’ என்று எண்ணப்பட்டவர்களுள் ஒரு பகுதியினர் மருந்தை மந்தமாக அல்ல, மற்றவரைக் காட்டிலும் வேகமாகச் சிதைப்பவர்கள். தமிழர் மந்தமாகச் சிதைப்போர் என்று முழங்குகிறவர்கள் இந்த எதிர்ப்பக்கத்தை மறந்தும் குறிப்பிடுவதில்லை.

எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 112 பேரிடம் மரபணுவின் பிரதிகள் 224 இருக்கும். அவற்றுள் 38 விழுக்காடு என்று கண்டால், புள்ளியியல் விதிப்படி உண்மை மதிப்பு 32-க்கும் 44-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். இது குறையன்று, அக்காலத்து ஆய்வுகள் பெரும்பாலும் இவ்வளவே. ஆனால் 38 என்பதைக் கல்லில் வெட்டிய எண்ணாகக் கொண்டு, அதை வடநாட்டாரின் ஏறத்தாழ முப்பதோடும் ஐரோப்பியரின் பதினைந்தோடும் வரிசைப்படுத்தி ஏணி கட்டுகிறவர்கள், முதல் இரண்டு படிகளும் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து கிடப்பதைக் கவனிக்கவேண்டும். ஐரோப்பியரினின்று உள்ள வேறுபாடு மட்டும் ஐயத்துக்கு இடமற்றது.

அதைவிட முக்கியமானது, அந்த 38 தனிமனிதரிடையே எப்படிப் பகிர்ந்து கிடக்கிறது என்பது. செயலிழந்த அல்லீல்கள் மொத்தம் நூற்றுக்கு நாற்பது எனக் கொண்டால், தாய்வழி தந்தைவழி இரண்டிலும் செயலிழந்த பிரதியையே பெற்றவர்கள் நூற்றுக்குப் பதினாறு பேர்; ஒன்று மட்டும் பழுதானவர்கள் நாற்பத்தெட்டு; இரண்டிலும் *2-ஓ *3-ஓ இல்லாதவர்கள் முப்பத்தாறு. ஐரோப்பியரிடையே முதல் வகையினர் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து வரை என்பது பிரசித்தம். ஆக, உண்மையில் மந்தமாகச் சிதைப்பவர் தமிழரில் ஆறு பேருக்கு ஒருவர். மற்ற ஐவர் அவ்வகையில் சேராதவர். அந்த ஒருவரை முன்னிட்டு ஆறு பேருக்கும் ஒரே ‘தமிழ் அளவு’ கொடுக்கும் வைத்தியம், வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று குடும்பம் முழுவதையும் பட்டினி போடுவதற்கு ஒப்பாகும்.

இனி, இந்தத் தொகுதி ஒரு மருந்துக்கு உண்மையாயின் எல்லா மருந்துக்கும் உண்மையாக வேண்டுமன்றோ என்று கேட்டுப் பார்க்கலாம். 2சி19-ஐப் பொறுத்தமட்டில் தமிழர் ஜப்பானியருக்கு அருகில் நிற்கிறார்கள். ஆனால் 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் நிறுவப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை நிலையத்தார், ஐசோநியாசிட் மருந்தை உடல் எவ்வளவு வேகத்தில் அசிட்டைலேற்றம் செய்து முறிக்கிறது என்று தம் நோயாளிகளிடம் அளந்தபோது, ஐந்தில் மூவர்போல் மந்தவகையினர் என்று கண்டார்கள்; ஐரோப்பியரிடமும் ஏறத்தாழ அதுவே. ஜப்பானியரில் மந்தவகையினர் பத்தில் ஒருவர்தாம். சேத்துப்பட்டில் சோதிக்கப்பட்டவர்கள் நோயாளிகள், ஆரோக்கியமானவர்கள் அல்லர் என்று ஆட்சேபிக்கலாம். அசிட்டைலேற்ற வகை மரபுவழிப்பட்டது, காசநோய் அதை மாற்றுவதில்லை. எனவே அவ்வாட்சேபம் நிற்காது. மூன்றாவதாக, நிஃபெடிபின் என்னும் இரத்த அழுத்த மருந்து. இங்கிலாந்தில் 1991-இல் வெளியான ஆரோக்கியமான தன்னார்வலர் ஆய்வு, வாய்வழி கொடுத்த அம்மருந்து தெற்காசியர் இரத்தத்தில் ஆங்கிலேயரிடத்தினும் பன்மடங்கு அதிகமாகத் தேங்குகிறது என்று காட்டியது. நான்காண்டுகளுக்குப்பின் அதே ஒப்பீட்டில் நைஜீரியரையும் சேர்த்துப் பார்த்தபோது, நைஜீரியரும் தெற்காசியரோடு ஒரே பக்கத்தில் நின்றார்கள். அப்படியானால் 2சி19-இல் ஜப்பானியர், ஐசோநியாசிட்டில் ஐரோப்பியர், நிஃபெடிபினில் நைஜீரியர்: ஒரே மக்கள் மூன்று நொதிகளால் மூன்று கண்டங்களுக்கு உறவினராகிறார்கள். மருந்தைச் சிதைப்பது இனமாக இருந்திருந்தால் இப்படி நேர்ந்திருக்க நியாயமில்லை. நொதிக்கு நொதி வரலாறு வேறு. ஒன்றன் அளவுகோலால் மற்றொன்றை அளக்கமுடியாது.

இவ்வளவும் ஒப்புக்கொண்டாலும், ஒரு நொதியைப் பொறுத்தவரையிலாவது ‘தமிழர்’ என்னும் தொகுதிக்குப் பொருள் உண்டல்லவா என்பது அடுத்த கேள்வி. இங்குத்தான் செஞ்சி நமக்குப் பயன்படுகிறது. இவ்வகை ஆய்வுகளில் தன்னார்வலரைத் தமிழர் என்று ஏற்பதற்குத் தாய்மொழியும், பூர்வீகமும், சில தலைமுறையாக இம்மாநிலத்தில் வசித்த குடும்ப வழியும் வழக்கமான பிரமாணங்கள். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையடிவாரத்தில் நின்றுகொண்டு இப்பிரமாணங்களைப் பிரயோகித்துப் பாருங்கள். தெலுங்கரான நாயக்கர்கள் இங்கே ஆண்டார்கள். பின் பிஜாப்பூர்ப் படை வந்தது. 1677-இல் சிவாஜி கோட்டையைக் கைப்பற்றினார். நீண்ட முற்றுகைக்குப்பின் 1698-இல் அது முகலாயர் வசமாயிற்று. புந்தேல ராஜபுத்திரரான தேசிங்கு ராஜாவின் கதை தெருக்கூத்துவரை வந்துவிட்டது. ஒவ்வொரு படையோடும் குடிகள் வந்து தங்கினார்கள். இவ்வட்டாரத்தில் நானூறு ஐந்நூறு ஆண்டுகளாக ஏர் பூட்டியும் கடை நடத்தியும் வரும் தெலுங்கு வீடுகள் தாய்மொழிப் பிரமாணத்தால் வெளியே நிற்கும். மூன்று தலைமுறைக்கு முன் வேறெங்கிருந்தோ வந்து தமிழே பேசத் தொடங்கிவிட்ட குடும்பமோ உள்ளே வந்துவிடும். மொழியும் வாசமும் நொதிக்குச் சாட்சி அல்ல. சாட்சி எதுவெனில், யார் யாரோடு மணவினை கொண்டார்கள் என்பது.

இதற்குத் தெளிவான நிரூபணம் வைசியர் சமூகத்தாரிடம் கிடைத்திருக்கிறது. அறுவைச் சிகிச்சையில் தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலின் சில நிமிடங்களில் முறிந்துபோகவேண்டிய மருந்து. அதை முறிக்கும் பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் நொதி இல்லாதவருக்கு மணிக்கணக்கில் மூச்சுத்தசைகள் செயலற்று நிற்கும். அதுவரை செயற்கைச் சுவாசம் கொடுத்தே காக்கவேண்டும். கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முழு ஆரோக்கியத்தோடிருக்கும் ஆரிய வைசியர் சிலரிடம் இந்நொதி அறவே இல்லாமலிருப்பதையும், அதற்குக் காரணமான ஒற்றை மரபணு மாற்றத்தையும் 2006-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிறுவினார்கள். நெடுங்காலம் தம்முள்ளேயே மணந்துவந்ததால், மூதாதையர் சிலரிடம் இருந்த மாற்றம் பெருகிவிட்டது. இங்கே குழுவின் பெயர் மருத்துவருக்கு உண்மையாகவே பயன்படுகிறது. மயக்க மருத்துவர் கேட்டுத் தெரிந்துகொள்வதே விவேகம். ஆனால் இச்சமூகத்தார் தமிழ்நாட்டு ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் பெரும்பாலும் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். எங்கே குழுப்பெயர் உயிரைக் காக்குமோ அங்கே தாய்மொழிப் பிரமாணம் அவர்களை விலக்குகிறது. எங்கே பயனில்லையோ அங்கே பல சாதிகளையும் ஒரே கூடையில் அள்ளிப் போடுகிறது. இதைவிடப் பெரிய முரண் இத்துறையில் வேறொன்று இருப்பதாக நான் அறியேன்.

மரபணுவைத் தவிர ஆகாரம் என்றொரு காரணம் உண்டு. பிரிட்டனில் குடியேறிய இந்திய, பாகிஸ்தானியரிடம் 1980-ஐ ஒட்டி, உடல் மருந்தைச் சிதைக்கும் வேகத்தை அளக்க உதவும் ஆன்டிபைரின் என்னும் மருந்தைக் கொண்டு நடத்திய சோதனைகளில், மரக்கறி உண்போரிடம் அம்மருந்து மெதுவாகவும், புலால் உண்போரிடம் வெள்ளையரிடத்தில் போலவும் சிதைந்தது. சூடானியரைக் கொண்டு 1978-இல் வெளியான ஆய்விலும், சொந்தக் கிராமத்தில் இருந்தோர் வேறுபட்டு நிற்க, பிரிட்டனில் வாழ்ந்த சூடானியர் பிரிட்டிஷாரைப்போலவே இருந்தனர். கப்பலேறினால் மாறிவிடுவது இனமாக இருக்கமுடியாது. செஞ்சி வட்டத்து மேல்சித்தாமூரைத் தலைமை மடமாகக் கொண்ட தமிழ்ச் சமணர்கள் புலால் தொடாதவர்கள், வழக்கமுடையோர் பொழுதுசாய்ந்தபின் உண்ணாதவர்கள், கிழங்கு தவிர்ப்பவர்கள். ஐம்பத்தேழு நாள் நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டைத் தாங்கும் திருநாதர்குன்று இந்தச் செஞ்சிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தாய்மொழியாலும் பூர்வீகத்தாலும் இவர்களைவிடத் தூய தமிழரைக் காண்பது அரிது. அவர்களும், ஞாயிறுதோறும் கறி சமைக்கும் பக்கத்துத் தெருவினரும் ஒரே பட்டியலில் ‘தமிழர்’ என்று சேர்ந்தால், அப்பட்டியலின் சராசரி யாருடைய சராசரி? 2சி19-இன் மரபணுக் கணக்கை ஆகாரம் மாற்றாது என்பது மெய். ஆயின் அதே முத்திரையை ஆகாரத்துக்கு இசைந்து மாறும் நொதிகளுக்கும் நீட்டும் வழக்கம் நம் நூல்களில் வேரூன்றிவிட்டது.

மரபணுச் சோதனைக்கு வசதியில்லாத இடத்தில் இனப்பெயராவது ஒரு வழிகாட்டி ஆகாதா என்பார்கள். ஆறில் ஒருவருக்கு மட்டும் சரியான வழியைக் காட்டும் வழிகாட்டியைப் பற்றி மேலும் பேச வேண்டியதில்லை.  

செயல்முறையில் இதன் விளைவைப் பாருங்கள். இதயநாளத்தில் இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் குளோபிடோகிரெல், உடலில் 2சி19 நொதியால் செயல்வடிவம் பெற்றாக வேண்டிய மருந்து. அந்நொதி இல்லாதவருக்கு மருந்து போதிய பலன் தராது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2010-இல் மிகக் கடுமையான எச்சரிக்கையை அதன் உறையில் சேர்க்கச் செய்தது. வயிற்றுப்புண்ணுக்குக் கொடுக்கும் ஒமெப்ரசோலோ அதே நொதியால் அழிக்கப்படுவது. அந்நொதி இல்லாதவரிடம் அது நெடுநேரம் தங்கி அதிகமாக வேலைசெய்யும். ஒரே மனிதருக்கு ஒரே பழுதினால் ஒரு மருந்து குறைந்தும் மற்றொன்று மிகுந்தும் போகிறது. ‘தமிழர் மந்தமாகச் சிதைப்போர், ஆகவே அளவைக் குறை’ என்னும் பொதுவிதியை நம்பிச் செஞ்சியில் ஒரு மருத்துவர் இருதய நோயாளிக்குக் குளோபிடோகிரெலைக் குறைத்தால், மந்தவகையினருக்கு அது இரட்டைக் கேடாகும்; மற்ற ஐவருக்கும் காரணமில்லாத கேடாகும்.

ஆகவே இனி இவ்வகை ஆய்வை வெளியிடும் சஞ்சிகை ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இது: தன்னார்வலரின் வீட்டுமொழியை மட்டுமல்லாமல் அவர்தம் மணவழக்கு, ஆகாரம், ஊர் ஆகியவற்றையும் கேட்டு அச்சிடுங்கள், குழுவின் சராசரியோடு ஒவ்வொருவரின் அளவையும் புள்ளியிட்டுக் காட்டுங்கள், எந்த அல்லீல்களைத் தேடவில்லை என்பதையும் அதே அட்டவணையில் எழுதச் சொல்லுங்கள். 2003-ஆம் ஆண்டுக் கணக்கை இம்முறையில் திருப்பிச் செய்வதற்கு ஜிப்மரைவிடத் தகுந்த இடமும், செஞ்சி வட்டாரத்தைவிட வசதியான களமும் இல்லை.