பத்து மணி நெரிசல்

சுங்குவார்சத்திரம் கூட்டு ரோட்டை ஷிப்ட் மாறும் நேரத்தில் கடந்தவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் புரியும். கம்பெனி பஸ்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். பெங்களூர் ரோடும் வாலாஜாபாத் ரோடும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அதே பஸ்கள் நாள் முழுக்கப் பிரிந்து வந்தால் நெரிசலே இராது. ரயில் டிக்கெட் இணையதளம் ஒரு காலத்தில் காலை வேளையில் திணறியதும் இதே கதைதான்.

எங்கள் வீட்டு மாடியில் ஒடிசாப் பையன்கள் இருவர் குடியிருக்கிறார்கள். ஒருவனுக்கு ஊரில் தங்கை கல்யாணம். தத்கலில் ஸ்லீப்பர் எடுக்க 11 மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே ஆளுக்கொரு போனோடு திண்ணையில் உட்கார்ந்தார்கள். "சர்வர் தாங்குமா சார்?" என்றான் கல்யாணக்காரன். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

முன்பெல்லாம் முன்பதிவு என்றால் பேரேடும் தந்தியும்தான். 1986ல் டெல்லியில் கம்ப்யூட்டர் வந்தது. 1999ல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒன்றாக இணைக்கப்பட்டன. அதுவரை வரிசை நம் கண்ணுக்குத் தெரிந்தது. 2002 ஆகஸ்ட் 3ல் ஐஆர்சிடிசி இணையத்தில் விற்பனையைத் தொடங்கியது. ஆரம்பத்தில் டிக்கெட் கூரியரில் வீட்டுக்கு வரும். வரிசை ஒழிந்தது என்று நினைத்தோம். அது ஒழியவில்லை, சர்வருக்குள் போய்விட்டது.

தத்கல் 1997ல் வந்த திட்டம். அதைத் திறக்கும் நேரத்தில் நாடே ஒன்றாகத் தட்டும். ஒரே பெர்த் இருவருக்குப் போகக் கூடாது. அதனால் ஒருவருக்குப் பதியும்போது, அதையே கேட்பவரைக் கம்ப்யூட்டர் நிறுத்திவைக்கும். சர்வர் பாதி வேலையில் இருந்தால் இந்தக் காத்திருப்பு தெரியாது. கொள்ளளவை நெருங்கும்போது மடமடவென ஏறும். பக்கம் திறக்கவில்லையே என்று நாம் மறுபடி மறுபடி தட்டினால், ஒரே ஆள் நான்கு பேராக வரிசையில் நின்றதுபோல் ஆகிவிடும்.

2012 ஜூலையில் தத்கல் நேரத்தை 8 மணியிலிருந்து 10 மணிக்கு மாற்றினார்கள். 2014 ஆகஸ்ட் 13ல் ரயில்வேயின் கிரிஸ் அமைப்பு உருவாக்கிய புதிய முறை வந்தது. நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த திறன் 7,200 ஆனது. ஒரே சமயத்தில் 40,000 பேருக்குப் பதில் 1,20,000 பேர் நுழைய முடிந்தது. எனக்கு மிகவும் பிடித்தது 2015 ஜூன் 15ல் செய்த மாற்றம்: ஏசிக்கு 10 மணி, மற்ற வகுப்புகளுக்கு 11 மணி. புது மெஷின் எதுவும் வாங்காமல், கூட்டத்தையே இரண்டாகப் பிரித்துவிட்டார்கள்!

அப்புறமும் ஒரு சிக்கல். மனிதனுக்குப் பதில் மென்பொருளே வரிசையில் நின்றது. முதல் ஐந்து நிமிடத்தில் நுழைய முயல்வதில் பாதி வரை இப்படிப்பட்டவை என்று ரயில்வே அமைச்சகம் 2025ல் சொன்னது. சுமார் 2.5 கோடி கணக்குகள் முடக்கப்பட்டன. ஜூலை 1 முதல் இணையத்தில் தத்கல் எடுக்க ஆதார் சரிபார்ப்பு கட்டாயமானது. அதற்கு முன்பே, அந்த ஆண்டு மே 22 காலை 10 மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட் பதிவாகியிருந்தது.

மாடிப் பையன்கள் இருவரும் ஒன்றாகத்தான் தட்டினார்கள். பக்கம் உடனே திறந்தது. கல்யாணக்காரனுக்கு பெர்த் கிடைத்தது. கூடப் போக இருந்தவனுக்கு வெயிட்டிங் லிஸ்ட். "சர்வர் தாங்கிச்சு சார்" என்று சிரித்தான் அவன்.

சத்திரத்துக் கதவை எவ்வளவு அகலமாக்கினாலும் உள்ளே படுக்கிற இடம் அவ்வளவுதானே! கதவுப் பிரச்சினையை நம்மவர்கள் பெரும்பாலும் தீர்த்துவிட்டார்கள். இனி இடத்தைக் கூட்ட வேண்டும். அதற்கு ரயிலும் தண்டவாளமும்தான் வழி.