துப்பாக்கி கூறும் சான்று

தாமிரவருணி பாயும் திருநெல்வேலிச் சீமையில் பாளையக்காரர் வரலாற்றைக் கேட்டறியாதார் இலர். அங்கே ஒரு பழந்துப்பாக்கி கண்ணிற்பட்டால், "இது கட்டபொம்மன் படையினர் ஏந்தியது" என்று சொல்லிவிடத் தோன்றும். அவ்வார்வத்தை நான் பழிக்கவில்லை. ஆயினும் ஆர்வம் வேறு, சான்று வேறு. பட்டாளம் கழித்துவிட்ட துப்பாக்கியின் காலத்தை எவ்வாறு அறிவது என்பதை உங்களோடு ஆராய விரும்புகிறேன்.

முதலில் ஆண்டுகளை நினைவிற்கொள்வோம். 1799 செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார். அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரி 2 அன்று ஊமைத்துரை காவலரை மடக்கிப் பாளையங்கோட்டைச் சிறையினின்றும் தப்பினார். மீண்டும் எழுந்த கோட்டை அவ்வாண்டு மே 24 அன்று வீழ்ந்தது. ஆகவே, அக்கோட்டைப் போர்களிற் பயன்பட்ட துப்பாக்கி அந்நாளுக்கு முன்னரே செய்யப்பட்டிருத்தல் வேண்டும்.

இனித் துப்பாக்கியை நோக்குவோம். மருந்து கிட்டித்திருக்கலாம் என்று எண்ணியே எந்தப் பழந்துப்பாக்கியையும் அணுகுதல் நன்று. விவரம் அறிந்தவர் சோதிக்கும் வரை அதைத் தொடலாகாது. சோதித்தபின் நான் முதலில் பார்ப்பது குழலின் உட்புறத்தை. சுழன்று செல்லும் வரிப்பள்ளங்கள் இருப்பின் அது ரைபிள். கும்பினிச் சிப்பாய்கள் அக்காலத்தில் ஏந்தியது வழவழப்பான குழலுடைய மஸ்கட்டு. ஆனால் வழவழப்பு மட்டும் பழமைக்குச் சான்றாகாது. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப்பின், என்பீல்டு ரைபிளின் உருவத்திலேயே, வரியில்லாக் குழலுடைய துப்பாக்கிகளை இந்தியச் சிப்பாய்களுக்கு ஆங்கிலேயர் அளித்தனர்!

அடுத்தது வெடிக்கும் விசை. சக்கிமுக்கிக் கல் பொருத்தியதாயின் 1801-க்குப் பொருந்தும். கேப்பு வைத்து வெடிப்பது பிற்கால முறை. எனினும், பழைய சக்கிமுக்கித் துப்பாக்கியைப் பின்னர்க் கேப்புக்கு மாற்றியமைத்ததும் உண்டு.

மூன்றாவது முத்திரை. ஐக்கிய கிழக்கிந்தியக் கும்பினி, இதயம் போன்ற வடிவத்தை நான்காகப் பகுத்து, வி, ஈ, ஐ, சி என்னும் எழுத்துகளைப் பொறித்தது. 1808 முதல் அதனிடத்தில், மகுடம் ஏந்தி நிமிர்ந்து நிற்கும் சிங்கம் வந்தது. சிங்க முத்திரையுடன் செய்யப்பட்ட துப்பாக்கி பாஞ்சாலங்குறிச்சிப் போரைக் கண்டிருக்க இயலாது.

முத்திரையும் பொய் சொல்லும். கைபர் கணவாய்ப் பகுதிக் கொல்லர்கள் ஆங்கிலத் துப்பாக்கிகளைப் பார்த்துச் செய்தபோது முத்திரைகளையும் வெட்டினர். அவற்றுள் எழுத்துகள் தலைகீழாகவோ இடவலமாகத் திரும்பியோ நிற்பதுண்டு. விக்டோரியா அரசியார் 1901-இல் மறைந்தார்; அதற்குப் பிற்பட்ட ஆண்டுடன் அவர் பெயரெழுத்துக் காணப்பட்டால், ஐயுறுதல் வேண்டும்.

சரி, இதய முத்திரை மெய்யானதாகவே இருப்பின்? அது கும்பினியின் பொருள் என்பதே அதனாற் பெறப்படும். பாளையக்காரர் கைக்கு அது வந்ததா என்பதை இரும்பு சொல்லாது. அதற்கு வேறு சான்று வேண்டும். நம் ஊர்க் கொல்லர் செய்த திரித்துப்பாக்கிக்கோ வேலுக்கோ கும்பினி முத்திரை ஏது? முத்திரையில்லை என்பதனால் அவற்றைத் தள்ளிவிடுதலும் தகாது.

1799 அக்டோபரில் பானர்மன், கோட்டைகளை இடிக்கவும் படைக்கலங்களை ஒப்படைக்கவும் பாளையக்காரருக்கு ஆணையிட்டார். 1801-க்குப் பின்னும் படைக்கலம் களைதல் தொடர்ந்தது. அவர்தம் ஆயுதங்கள் இன்று அருகிக் காணப்படுவதற்கு இதுவே பெருங்காரணம் எனக் கருதுகிறேன். அவ்விழப்பை இட்டு நிரப்பப் பிற்காலத்துச் சிங்க முத்திரைத் துப்பாக்கியைக் கட்டபொம்மன் பெயரால் காட்டினால், அவர்களிடமிருந்து படைக்கலம் பறிக்கப்பட்ட செய்தியையே நாம் மறைத்தவர்களாவோம். ஆதலின், இளைஞர்களே, பழம்பொருளைக் காணும்போது முதலில் ஆண்டைக் கேளுங்கள். உரியவர் பெயரைப் பின்னர்ச் சொல்லுங்கள்.